மைக்செட் கொடுத்த ரத்தம்

பழவேற்காடு ஏரியில் வாடைக்காற்றோடு வாதாடி ஜெயிக்கக்கூடிய தொண்டை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பசியாவரம் என்ற ஊரின் மைக்செட்டுடையது. அவர் இந்தக் கரையில் தும்மினால் எதிர்க்கரையில் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்கு வெளியே அது நடமாடி நான் பார்த்ததில்லை. ஊரில் கல்யாணம், சாவு, ஐஸ் வண்டி, கரன்ட் கட் எதுவானாலும் அவர் வாயால் கேட்டால்தான் நடந்ததாகக் கணக்கு. கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கும் பேச்சு ஒருமுறை எழுந்ததாம். “இவன் இருக்கச்சொல்லோ அது எதுக்குபா?” என்று யாரோ கேட்க, அத்தோடு விட்டுவிட்டார்களாம்.

எனக்கு அவர் படகுக்காரராகத்தான் அறிமுகம். ஊரில் எத்தனை பேர் உடம்புக்குள் டெங்கு ஏற்கெனவே புகுந்து போயிருக்கிறது என்று ரத்தத்தைச் சோதித்து அறியும் ஆய்வு ஒன்றில் நான் லேப் டெக்னீஷியன். ஒருமுறை டெங்கு கண்டவர் ரத்தத்தில் அதன் தடயம் தங்கிவிடும். காய்ச்சல் வந்ததே தெரியாமல் தப்பியவர்களுக்கும் தங்கும். சென்னை நகரத்தை முடித்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஏரிக்கரை ஊர்களுக்கு வந்திருந்தோம். வீடுகளைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குலுக்கலில் விழாத வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றாலும் ரத்தம் எடுக்கக் கூடாது. அப்போதுதான் கணக்கு நேர்மையாக வரும்.

முதல் நாள் ஆய்வை நடத்திய டாக்டரம்மாவும் நானும் ஐஸ் பெட்டியோடு கரையிறங்கினோம். “நீங்க சும்மா இருங்க மேடம், நான் ஒரு சவுண்டு வுடுறேன்” என்றார் மைக்செட். விட்டார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்கோ! மெட்ராஸ்லேர்ந்து ரத்தம் எடுக்க வந்துகிறாங்கோ! யாரும் பயப்படாதீங்கோ! சாவ மாட்டீங்கோ!”

தெருவில் வரிசையாகக் கதவுகள் சாத்தப்பட்டன. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் அதை அப்படியே போட்டுவிட்டுப் படகேறி ஏரிக்குள் போய்விட்டார்.

“அண்ணே, சாவ மாட்டீங்கன்னு எதுக்குச் சொன்னீங்க?” என்றேன்.

“ஏன், செத்துருவாங்களா?”

“சேச்சே, மாட்டாங்க.”

“அதத்தானம்மா நானும் சொன்னேன்!”

கெடுத்ததை அவரே சரி செய்தார். ஒவ்வொரு வாசலாக எங்களுக்கு முன்னால் போய் நின்றார். “இன்னா, உன் ரத்தத்தை வெச்சி ஊடா கட்டப்போறாங்க? கொசு கேக்காம குடிக்குது, இவங்க கேட்டுக் குடிக்கிறாங்க. எது மரியாதி?” என்று வாதாடினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுகள் திறந்தன. வாரம் முடிவதற்குள், குலுக்கலில் விழாதவர்கள் “எங்க ரத்தம் மட்டும் இன்னா மட்டமா?” என்று சண்டைக்கு வர ஆரம்பித்தார்கள்.

ஒரே ஒரு வாசலில் மட்டும் மைக்செட் நிற்கவில்லை. “இங்க நீங்களே போங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டார். அது அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. அங்கே இருந்த ராஜம்மா அவருடைய மாமியார். அவர் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்காவும்கூட. நாங்கள் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அந்த அம்மா எழுந்துவிட்டார். “அவன் இட்டாந்த ஆளுங்களுக்கு எங்கூட்டு வாசல்ல வேல இல்ல.”

அன்று அவர் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் என்ன கோபம் என்று டாக்டரம்மாதான் மெதுவாகக் கேட்டார்.

போன வருஷத்து மழையில் மைக்செட்டின் மனைவி சாந்திக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. கொதித்த உடம்பு ஒருநாள் காலையில் தணிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். தோணிரேவு ஊரில் சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. போயே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். இவர் படகில் அழைத்துப் போனார். நல்ல வாடைக்காற்று. பாதி ஏரியில் அவள் சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் தங்கவில்லை.

“காத்துல இட்டும்போயி எம்பொண்ணக் கொன்னுட்டியேடான்னு அத்த கேட்டுச்சி. அதான் கடைசி. அப்பால எங்கிட்ட பேச்சில்ல” என்றார். துடுப்பைப் படகுக்குள் எடுத்து வைத்தார். “எனக்குமே அப்டித்தான் தோணுது மேடம்.”

“விழுந்தப்போ கை கால் எப்படி இருந்தது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஜில்லுனு. அதுக்கு முன்னாடி வவுறு வலிக்குதுன்னா. வாந்தி எடுத்தா.”

டாக்டரம்மா அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். “அண்ணே, டெங்குவுல காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரம். சரியாயிடுச்சுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. படிச்சவங்களும் அப்படித்தான் ஏமாறுறாங்க. காத்து பட்டு யாருக்கும் இப்படி ஆகாது.”

“அப்ப டெங்குதானா?”

“இருக்கலாம். அவங்க ரத்தம் இப்ப நம்மகிட்ட இல்ல. உறுதியா எப்பவுமே சொல்ல முடியாது.”

“என் ரத்தம் கீதே? ஒரே ஊடு, ஒரே கொசு. எனக்கு எடுங்க.”

அவர் வீடு குலுக்கலில் விழவில்லை. ஆய்வுக் கணக்கில் சேர்க்காமல் தனியாகச் சோதித்துத் தருவதாக டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். “உங்களுக்கு இருந்தாலும், அவங்களுக்கு அதுதான்னு ஆயிடாது. புரியுதா?”

“புரியுது. எடுங்க.”

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தோம். ஊரையே கை நீட்ட வைத்த மனிதர், ஊசியைக் கண்டதும் வெளிறிப்போனார். நான் நரம்பைத் தேடிக் குத்தினேன். அப்போது எழுந்த ‘யம்மா’வில் ஏரியில் மேய்ந்த நாரைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிப் பறந்தன. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு இடது காது அன்று முழுக்க ஙொய் என்றது. தெரு கூடிவிட்டது.

எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தது ராஜம்மா. மீன் கழுவிய ஈரக்கையோடு, அவிழ்ந்த கொண்டையோடு வந்து கட்டிலைப் பிடித்தார்.

“இன்னாடா ஆச்சி உனுக்கு? டேய்!”

மைக்செட் கண்ணைத் திறந்தார். “ஒண்ணுமில்ல அத்த. ஊசி.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. தான் பேசிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. கட்டிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். “இவனுக்கு எதுக்கு எடுத்தீங்கோ?”

டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் தணிவதைப் பற்றி, வயிற்று வலியைப் பற்றி, ஜில்லென்ற கை கால்களைப் பற்றி. எது தெரியும், எது தெரியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

“அப்ப காத்து இல்லியா?”

“காத்து இல்லம்மா.”

ராஜம்மா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்து என் பக்கம் நீட்டினார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. இரண்டு பேர் ரத்தத்திலும் டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. அந்த ஊர்ப் பெரியவர்களில் பலருக்கும் இருந்தது. குடிதண்ணீர் படகில் வரும் ஊர். வீட்டுக்கு வீடு நீல ட்ரம்மில் பிடித்து வைத்தாக வேண்டும். அதில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது, துணியால் வேடு கட்டி மூடுங்கள் என்று டாக்டரம்மா எல்லாருக்கும் சொன்னார்.

ராஜம்மா உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கைத்தறிச் சேலையை எடுத்துவந்தார். சாந்தியுடையது என்று சொல்லாமலே தெரிந்தது. ஒரு முனையை மருமகனிடம் நீட்டினார். “கெட்டியாப் பிடி.” நடுவில் கிழித்தார்கள். ஒரு பாதி தன் வீட்டு ட்ரம்முக்கு. இன்னொரு பாதியைத் தானே கொண்டுபோய் மருமகன் வீட்டு ட்ரம்மில் இறுக்கிக் கட்டினார்.

கட்டிவிட்டு அங்கேயே நின்றார். “சாப்ட்டியா?” என்று கேட்டார்.

மைக்செட் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில், படகிலிருந்து கை கொடுத்து இறக்கிவிட்டு, “மழை நாள்ல காச்ச வந்தா, வுட்டுடுச்சின்னு ஏமாந்துடாத தங்கச்சி” என்றார் மைக்செட், என்னிடம். நான் டெக்னீஷியன் என்பதே அவருக்கு அப்போது நினைவில்லை.

என் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் பெண்கள். அண்ணன் உண்டா என்று யாராவது கேட்டால், பசியாவரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.