நொத்தாரிசு வென்ற வழக்கு

மனைவியின் சொத்தில் கணவனுக்குள்ள உரிமையைப் பற்றி எங்கள் பென்டில் ஹில் நொத்தாரிசு அளவுக்குப் பேசியவர் இந்தப் பூமியில் வேறு யாரும் இருக்க முடியாது. அதைக் கேட்டு என்னளவுக்குக் களைத்தவரும் இருக்க முடியாது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். என் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் போயின.

உண்மையில் அவர் நொத்தாரிசும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதிய கிளாக்கர். இங்கே வந்ததும் அட்டை கழன்ற பழைய ஆங்கிலேயச் சட்டப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். மனைவி முந்திப் போனால் அவள் காணியைக் கணவன் ஆயுள்வரை அனுபவிக்கலாம், அவர்களுக்கு ஒரு பிள்ளை உயிரோடு பிறந்திருந்தால் போதும் என்று அதில் இருந்தது. கலியாண வீடு, செத்த வீடு எங்கே ஆள் அகப்பட்டாலும் அந்தப் பக்கத்தை ஒப்புவிப்பார்.

வீடு அவர் மனைவி பரமேஸ் அக்காவின் பெயரில் இருந்தது. நர்ஸ் வேலை பார்த்து லோன் கட்டி முடித்தவர் அக்காதான். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "அதுக்கு முதல்ல நான் சாகோணுமே?" என்பார்.

"சட்டத்தைச் சொன்னனான் பரமேஸ், ஆசையை இல்லை" என்பார் இவர்.

போன வருடம் அக்கா உண்மையாகவே போய்விட்டார். வீட்டை ஒரே மகள் வாணிக்கு எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் மனிதர் ஆடிப்போனார். வாணி இருப்பது மெல்பேர்ன் பக்கம், ரோவிலில். வீட்டை விற்றுத் தன்னையும் அங்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவாள் என்று பயம். "ஒருத்தரும் விக்கமாட்டம் அப்பா" என்று அவள் போனில் சொன்னாள். வாய்ச்சொல் உறுதியாகாது என்றார்.

"அண்ணை, உயிலை ஒருக்கா வாசிச்சுத்தான் பாருங்கோவன்" என்றேன்.

"சட்டம் இருக்கேக்க உயில் என்னத்துக்கு?"

நாலு சனிக்கிழமை அவரை லோயரிடம் கொண்டுபோனேன். உயிலை எழுதியதே அந்த லோயர்தான், மதுரைப் பக்கத்துப் பெண். மூன்று முறையும் அவரைப் பேசவிடாமல் அண்ணையே அந்தப் பக்கத்தை ஒப்புவித்தார். நாலாவது முறை அண்ணை வாணியையும் வரவழைத்திருந்தார். நாற்பது வயது மகளைக் கதிரையில் இருத்தி, "பிள்ளை உயிரோட பிறந்ததுக்கு இதுதான் சாட்சி" என்றார். "டாட், ப்ளீஸ்" என்றது சாட்சி.

லோயர் வாயைத் திறக்கப் போனார். வேண்டாம் என்று வாணி மெல்லத் தலையாட்டினாள். லோயர் ஃபைலை மூடிவிட்டு, "ஆமா அங்கிள், உங்க ஆயுசு வரைக்கும் நீங்க அந்த வீட்லயே இருக்கலாம். யாரும் விக்க முடியாது" என்றார்.

"புத்தகத்தில இருக்கிறபடிதானே?"

"அதேபடிதான் அங்கிள்."

அவர் சட்டப் புத்தகத்தோடு காருக்குப் போனார். வாணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தச் சட்டம் இங்க எப்பவோ இல்லாமப் போட்டுது அங்கிள். அம்மா அதை லோயரிட்ட கேட்டு அறிஞ்சவ. பிறகுதான், அப்பா சாகுமட்டும் வீட்டில இருக்கலாம் எண்டு உயிலில எழுதுவிச்சவ. அவர் வாசிக்கமாட்டார், நீயும் சொல்லிப்போடாத, சட்டம் தந்ததெண்டே இருக்கட்டும் எண்டவ."

காரில் ஏறியபோது அவர் எனக்கு அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. நேற்று பலசரக்குக் கடையில், புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு பொடியனை மடக்கிவிட்டார். "வாதாடி வெண்டனான் தம்பி. வேணுமெண்டா இவரைக் கேளும்."

பொடியன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "ஓம் தம்பி" என்றேன். "அண்ணை வெண்டவர்தான்."

பரமேஸ் அக்கா அவ்வளவு பத்திரமாக விட்டுப்போன மனிதர். நான் எப்படிக் கைவிடுவது?