கச்சேரி வாசலில் பெரட்டு

கண்டி,
ஸ்ரீமுக வருஷம், ஆவணி மாதம்,
வெள்ளிக்கிழமை காலை.

கம்பளைச் சீமையில் கோப்பி காய்த்துக் குலுங்கவும் குடும்பம் தழைத்தோங்கவும் வாழ்ந்திருக்கும் பெரிய கங்காணி, வருங்காலச் சம்பந்தி பொன்னையா அவர்கள் சமூகத்துக்கு, கண்டி கம்பளிக் கடை இராமநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் முருகன் அருளால் நானும் என் வீட்டுக்காரி ரத்தினம்மாவும் கடையும் சுகம். என் மகன், தங்கள் மாப்பிள்ளை அழகமுத்து மட்டும் பொலிஸ் பிடித்து மறியல்வீட்டில் இருக்கிறான். அங்கேயும் சுகமாகத்தான் இருக்கிறான் என்று கேள்வி. அவ்விடம் தங்கள் சுகமும், எங்கள் மருமகளாக வரப்போகும் தங்கள் மகள் அழகம்மாவின் சுகமும் அறிய ஆவல்.

மறியல்வீடு என்று படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிடாதீர்கள் சம்பந்தி. அழகமுத்து சேனை திரட்டிக்கொண்டு போய்ச் சர்க்கார் கச்சேரியை வளைத்துக்கொண்டான் என்று கம்பளைக் கடைத்தெருவில் இதற்குள் பேசியிருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நடந்தது என்னவென்றால், சென்ற திங்கட்கிழமை காலை பேராதனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சாலையோரத்தில் பாலம்மா என்றொரு பெண்பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனாள். தங்கள் தோட்டத்து ஆள்தான். விடிகாலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க எழுந்து வரமுடியவில்லை என்று பேரை வெட்டி, லயத்து அறையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். புருஷன் அழகையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தவள், பாதி வழியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. பேரை யார் வெட்டினார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பெரிய கங்காணி என்றால் ஆயிரம் ஆளைக் கட்டி மேய்க்கவேண்டும், துரை சொன்னதைச் செய்யவும் வேண்டும். அதைப் பற்றி எழுத நான் இந்தப் பேனாவை எடுக்கவில்லை.

விஷயம் காதில் விழுந்ததும் அவள் லயத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கோப்பிச் சாக்கை இரண்டு கழியில் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, நேரே கச்சேரி முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சர்க்கார் ஏஜெண்டுத் துரை வந்து பார்க்கவேண்டும், ஒரு வார்த்தை கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. சாலையில் போன வேறு தோட்டத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து என் புத்திரசிகாமணி கடைக்குள் ஓடி வந்தான்.

"அப்பா, ஒரு கம்பளி எடுத்துக்கிறேன்."

"எந்தத் தரம்டா?" என்று கேட்டேன். வியாபாரி வாயில் வேறு என்ன வரும்?

"செத்தவளுக்கு என்னங்கப்பா தரம்? மூடுறதுக்கு ஒண்ணுமில்லாம வெயில்ல கெடக்குறா" என்று சொல்லிவிட்டு, மேல்தட்டில் துரைமாருக்கு என்று தனியாக வைத்திருந்ததை உருவிக்கொண்டு போய்விட்டான். போனவன் போர்த்திவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதானே? வரவில்லை.

இனிமேல்தான் கூத்து. முற்றத்தில் கூட்டம் அது பாட்டுக்குக் கிடந்தது. சிலர் பூப்பாத்திக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள், பிள்ளைகள் தூங்கின, பெண்கள் பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். ஏஜெண்டுத் துரை வெளியூர் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் அரைவாசிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அதற்குப் பதிலாகக் குதிரையில் வந்த பொலிஸ் இன்ஸ்பெக்டர் துரை, சட்டப்படி கலைந்துபோகும் கட்டளையை வாசிக்கவேண்டும், வாசிக்குமுன் பறை அடித்து அறிவிக்கவேண்டும் என்று சொல்லி, கிழட்டுச் சிங்களப் பறைகாரன் ஒருவனை அழைத்து வந்து அடிக்கச் சொன்னார். அவன் அடித்தான். தங்களுக்கு நான் சொல்லவேண்டுமா சம்பந்தி? வருஷம் முழுக்க இருட்டோடு தப்புப் பறைச் சத்தம் கேட்டால் எழுந்தோடிப் பெரட்டுக் களத்தில் வரிசை கட்டிப் பேர் கொடுக்கிற ஜனம். பிந்தினால் அரைப்பேர், அரைநாள் கூலி போயிற்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் ஒரே எழும்பலாய் எழும்பி வரிசையில் நின்றுவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சின்னப் பிள்ளைகள் கடைசியில்.

இன்ஸ்பெக்டர் துரை மிரண்டுவிட்டார், குதிரையும் மிரண்டுவிட்டது. கலையவில்லையே, இன்னும் பலமாக அடி என்றார். பலமாக அடித்ததும், பிந்திவிட்டோம் என்று பயந்து கடைத்தெருவில் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டிருந்த தோட்டத்து ஆட்களெல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வரிசையில் சேர்ந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை செத்த கதையே தெரியாதவர்கள் அவர்கள். அடிக்க அடிக்கச் சேனை பெருகியது. இவ்வளவும் போதாதென்று, தங்களுக்கே தெரியும், அழகமுத்து முன்னே ஹந்தானைப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவன். பெரட்டு என்றால் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று ஆளை எண்ணவேண்டும். அந்த மடையன் யாரும் கூப்பிடாமலே முன்னால் நடந்து போய், விரலை நீட்டித் தலையை எண்ண ஆரம்பித்துவிட்டான். பொலிஸ் கண்ணுக்கு அவன் தளபதியாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரிவான்?

முதலில் அவனைப் பிடித்தார்கள். பிறகு முன்வரிசையை, பிறகு அழகையாவை. பெண்களில் சிலரைக்கூட விடவில்லை. மறியல்வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனபோது கைதிகள் வரிசை குலையாமல் போனார்கள், பொலிஸ்காரர்கள்தான் முன்னும் பின்னுமாக ஓடினார்கள். சிரிக்கவேண்டாம் சம்பந்தி. பார்த்துக்கொண்டிருந்த சிலர் சிரித்தார்கள். பாலம்மாவை மறுநாள் மஹய்யாவப் பக்கம் அடக்கம் செய்தார்கள். அழகையாவுக்குக் கையில் விலங்கு, இரண்டு பக்கமும் பொலிஸ், அப்படியே மண் அள்ளிப் போட்டானாம். ரத்தினம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நான் போகவில்லை. கடையில் ஆளில்லை.

இப்போது கண்டியில் வேறு பேச்சே இல்லை. மக்கீன் நானாவின் கோப்பிக் கடையில் தினமும் வழக்கு நடக்கிறது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் இங்கிலீஷ் பத்திரிகையை வாசித்து அர்த்தம் சொல்கிறார். கூலிகள் பறை ஒலிக்கு அணிவகுத்ததைப் பார்த்தால் பலநாள் இரகசியமாகப் பழகியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறதாம். பலநாள் பழகியது உண்மைதான், பழக்கியது துரைமார்தான் என்று ஒருவன் சொன்னான். பொலிஸ் செய்தது சரி, பெண்களைப் பிடித்தது மட்டும் பிழை என்கிறான் இன்னொருவன். பூப்பாத்தியை மிதித்தார்களே, அதற்கு என்ன பதில் என்கிறார் உபாத்தியாயர். சர்க்கார் விசுவாசமுள்ள வியாபாரி என்ற முறையில் நானும் என் கட்சியைச் சொன்னேன். குறை இருந்தால் மனு எழுதி, தலைப்பாகையைக் கழற்றி, ஒருவர் இருவராக மரியாதையோடு போய்க் கொடுக்கவேண்டும், பிணத்தைத் தூக்கிக்கொண்டா போவது என்றேன். மக்கீன் நானா கோப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எழுதத் தெரிஞ்சவன் மனு எழுதுவான் மொதலாளி. எழுதத் தெரியாதவன் மையித்தத் தூக்கிட்டுத்தான் வரணும். ஒங்கட மகனுக்கு அது வெளங்கியிருக்கு, ஒங்களுக்கு வெளங்கல்லியே" என்றார். என் கடையில் கடன் வைக்காத மனிதன் என்பதால் நான் கோப்பிக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். நீதவான் துரை நல்லவர், தயவு வைத்திருக்கிறார். நமக்காக வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒரு கடதாசி எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். கலகம் செய்யும் எண்ணத்தோடு கூடினோம், எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, மன்னிக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் தளபதிக்குச் சிறை, ஆவணி முகூர்த்தமும் போயிற்று, ஐப்பசியும் போயிற்று. மற்றவர்களோ கணக்கப்பிள்ளை போட்டால் நாங்களும் கைநாட்டு வைக்கிறோம் என்று இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மறியல்வீட்டுக்குப் போய் அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அம்மாவின் பேரைச் சொல்லிப் பார்த்தேன்.

"குறை ஒண்ணும் இல்லைன்னு நான் எப்படிங்கப்பா எழுதுறது?" என்கிறான். "கலகம் பண்ண வந்தோம்னு வேணும்னா எழுதிக்கட்டும், போட்டுத் தாறேன். பாலம்மான்னு ஒருத்தி இருந்தா, காய்ச்சலோட வெரட்டிட்டாங்க, ரோட்டுல செத்தான்னு சர்க்கார் கடதாசியில எங்கயாச்சும் ஒரு வரி எழுதணும். அதுக்குத்தானே அவ்வளவு பேரும் வந்தாங்க?"

பெற்ற பிள்ளையாயிற்றே, என்ன செய்வது? ஆகையால் தங்களை இரந்து கேட்கிறேன். தாங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். அல்லது அழகம்மாவை விட்டுச் சொல்லி அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால்தான் கல்யாணம் என்று அவள் சொன்னால் அவன் கேட்பான், அந்தப் பெண் என்றால் அவனுக்கு உயிர். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாங்கள் எந்த விதத்திலும் கவலைப்படவேண்டாம். பேர் வெட்டிய விஷயத்தில் தங்கள் பேர் இதுவரை எங்கும் அடிபடவில்லை. என் உடம்பில் உயிர் இருக்கும்வரை அடிபடவும் விடமாட்டேன். நம் இரு குடும்பத்தின் மானமும் ஒன்று. இன்று பின்னேரம் விசாரணைக்குக் கோட்டுக்குப் போகிறேன், பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்துவிட்டு வருவேன்.

தங்கள் தோட்டம் பூத்துக் காய்த்துப் பெருகவும், தங்கள் வாக்கால் என் பிள்ளை வீடு வந்து சேரவும், நம் பிள்ளைகள் பதினாறும் பெற்று வாழவும் கதிர்காமத்து வேலனை வேண்டிக்கொண்டு, ரத்தினம்மாவும் நானும் தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்குத் தங்கள் சொல் தட்டாத,
கம்பளிக் கடை இராமநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கோட்டுக்குப் போய் வந்து, மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

முதலில் பறைகாரக் கிழவனை விசாரித்தார்கள். நாற்பது வருஷமாகப் பறை அடிக்கிறேன், இவ்வளவு மரியாதையாக ஜனங்கள் வந்து நின்றதை நான் கண்டதில்லை என்று அவன் சொன்னதும் நீதவான் துரையே சிரித்துவிட்டார். சரி, நல்லபடியாக முடியப்போகிறது என்று நினைத்தேன். அப்போது துபாஷி இன்ஸ்பெக்டரின் வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "கூட்டத்தின் நடுவில் ஒரு கூலிப் பெண்ணின் பிரேதம் இருந்தது. பேர் தெரியாது" என்றார். அவள் புருஷன் அழகையா அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கித் துபாஷியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். சம்பந்தி, எழும்பவேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. எழும்பி நின்றுகொண்டு, "பேர் பாலம்மா" என்று சொல்லிவிட்டேன்.

நீ யார் என்றார் நீதவான் துரை. சொன்னேன். அவளைத் தெரியுமா என்றார். என் கடைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனவள் என்றேன். எப்படிச் சாலைக்கு வந்தாள் என்றார், அதையும் சொன்னேன். பேரை வெட்டி வெளியே போகச் சொன்னது யார் என்று கேட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் நாளைக்குத் தங்களுக்குக் கீழே அதே லயத்துக்குத் திரும்பவேண்டியவர்கள் அவர்கள். அழகமுத்துவைப் பார்த்தேன். சர்க்காரோடு மல்லுக்கு நின்ற என் பிள்ளை, அழகம்மாவை நினைத்து, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தான். இத்தனை நாள் மறியலில் அந்த ஒரு பேரை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் தங்கள் பேரைச் சொல்லிவிட்டேன்.

அந்த மன்னிப்புக் கடதாசியை இனி அழகமுத்து கையில் கொடுக்கவேண்டாம் என்று பிரக்கிராசியிடம் சொல்லிவிட்டேன். தாங்களும் அவனுக்கு ஒன்றும் எழுதவேண்டாம், அந்தப் பெண்ணை விட்டும் சொல்லவைக்கவேண்டாம். கல்யாணத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் இல்லை. அழகம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அவள் முடிவு எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். தங்களை விசாரிக்கத் திங்கட்கிழமை கோட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அந்த ஆள் வந்து சேர்ந்துவிடலாம். வாருங்கள். வந்தால் நம் வீட்டில் தங்கலாம், ரத்தினம்மா சமைத்து வைப்பாள். எனக்குத் தாங்கள் ஒரு விளக்கமும் சொல்லவேண்டியதில்லை. அழகையா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.