வெட்டிய பிறகு மிஞ்சிய படம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் நம் காலாண்டிதழும் நலமென்று நம்புகிறேன். நான் நலமா இல்லையா என்பது இந்தக் கடிதத்தின் முடிவில்தான் எனக்கே தெரியும்.

அந்த நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தீர்கள். எழுதி இணைத்திருக்கிறேன். ஈடாக இல்லை. ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன் அது எப்படி எழுதப்பட்டது என்பதை நீங்கள் அறிய வேண்டும். என் கல்யாணம் அந்த இரண்டு பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் பாகத்தை நான் விடுதியின் பொது அறையில், ஒரு ஞாயிறு மதியம், தொலைக்காட்சியில் பார்த்தேன். மாப்பிள்ளை அறைக்குள் போகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. உடனே பகல். ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு அவன் நடுத்தெருவில் ஓடுகிறான். இடையில் என்ன? படம் சொல்லவில்லை. பிறகு மாமியார் வாயைத் திறக்கிறாள். உதடுகள் அசைகின்றன. சத்தம் இல்லை. நெடுநேரம் வரவே இல்லை. எதிரில் நின்ற வக்கீல் மயங்கி விழுகிறார். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதினேன். ‘சொல் தோற்ற இடம்’ என்ற உபதலைப்பு நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் உண்டு.

நான் கட்டிக்கொள்ள விரும்பும் பெண் பல் டாக்டர். அவளுடைய அப்பா தொலைக்காட்சியில் ஏதோ அதிகாரி. இலக்கியம் படித்தவனுக்குப் பெண் தருவதில்லை என்று உறுதியாக இருந்த அவர், திடீரென்று என்னைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். என் கட்டுரையைப் படித்தாராம். மூன்று தடவை. நம் இதழை ஒரே தடவை முழுதாகப் படித்தவரையே நான் சந்தித்ததில்லை. நெகிழ்ந்துபோய், இரண்டாம் பாகத்துக்குக் குடும்பத்தோடு போகலாம், டிக்கெட் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்களே கூப்பிடுறீங்க. சரி,” என்றார். டிக்கெட் கொடுத்தவர் எல்லாரும் பதினெட்டு தாண்டியவர்களா என்று கேட்டபோது என் வருங்கால மாமாவின் நரைத்த தலையைக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஐயா, படம் ஆரம்பித்தது. கதவு சாத்திக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் கதவே இல்லை. மாப்பிள்ளை திரையைச் சுற்றிக்கொண்டு வந்தான், திரை ஒரு ஆணியில் மாட்டியது, ஆணி விடவில்லை, கேமராவும் விடவில்லை, மாமியார் வாயைத் திறந்தாள், இந்தத் தடவை சத்தம் வந்தது, தியேட்டர் அதிர வந்தது, அவள் சொன்ன வார்த்தையை நான் ஆறாம் வகுப்பில் கழிப்பறைச் சுவரில் படித்ததோடு சரி, எனக்கு ஒரு பக்கம் மாமா, அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி, அதாவது வருங்கால அத்தை, எனக்கு மறுபக்கம் பல் டாக்டர், அவள் என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி காதல் பிடி இல்லை, பல் பிடுங்குகிற பிடி. மாமா கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல் மட்டும் கைப்பிடியின்மேல் திறந்து மூடின. என் கழுத்துக்கு அளவு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார். “மொத பாகம் மாதிரி வராதுப்பா. அதுல இன்னும் பச்சையா இருக்கும்.”

நான் திரும்பினேன். எந்த முதல் பாகம் என்று கேட்டேன். இதே படத்தோட முதல் பாகந்தான் என்றார். அதில் அப்படி எதுவும் இல்லையே, நான் ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“டிவில பாத்தீங்களா? அது எவனோ கத்திரி போட்டது தம்பி. பாதிப் படந்தான் இருக்கும்.”

இடைவேளை. நடைபாதையில் பாப்கார்ன் பொட்டலத்தோடு மாமா என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். மன்னிப்புக்கு மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த எவனோ நான்தான்.”

குடும்பங்கள் பார்க்கிற மாதிரி படங்களை வெட்டுகிற பிரிவுக்கு அவர்தான் தலைவராம். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே ‘கத்திரி’தானாம். இத்தனை வருடத்தில் வசவுக் கடிதம்தான் வந்திருக்கிறதாம். முதல் முறையாக ஒருவன் வெட்டை வெட்டாகப் பாராட்டி எழுதியிருக்கிறான், எல்லாம் தெரிந்துதான் எழுதினான், தெரிந்துதான் படத்துக்கும் கூப்பிடுகிறான் என்று நினைத்தாராம். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய. ஆனாலும் ஆய்வாளன் புத்தி. அந்த நீண்ட மௌனம் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டேன்.

“அதுவா? சத்தத்தை அமுக்கினேன், போன் வந்துச்சு. பேசிட்டே கையை எடுக்க மறந்துட்டேன்.”

“நான்தான் பண்ணேன்,” என்றார்கள் பின்னால் வந்து நின்ற அத்தை. “கேஸ் தீந்து போச்சுன்னு.”

நான்கு பக்கம், ஐயா.

இரண்டாம் பாதியில் இன்னொன்று நடந்தது. அந்த ஆணி திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றினேன். மாமாவைத் தாண்டி இன்னொரு இருமல் கேட்டது. அத்தை கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் ஒரு கணம் எங்கள் கண்கள் சந்தித்தன. இருவரும் உடனே மாமாவைப் பார்த்தோம். அவர் விரல்கள் வெட்டிக்கொண்டிருந்தன.

வெளியே வந்ததும் கேட்டார்: “சொல்லுங்க. எது உசத்தி?” முதலாவதுதான் மாமா என்றேன். “அதை எழுதுங்க. படிச்சுட்டு மத்ததைப் பேசலாம்.” அந்த மற்றது என் கல்யாணம்.

ஆகவே ஈடாக இல்லை என்று எழுதியிருக்கிறேன். பொய்யா என்று கேட்பீர்கள். பின்வரிசைக்காரரும் ஈடாகாது என்றுதான் சொன்னார். காரணம் வேறு. தீர்ப்பு ஒன்று. இவ்வளவு ஒற்றுமை நம் விமர்சகர்களிடையே அபூர்வம். ஒரு வரிகூட வெட்டாமல் வெளியிடுங்கள். வெட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் குடும்பத்தாருக்கும், சம்பளம் இல்லாமல் பிழை திருத்தும் நண்பருக்கும் என் அன்பு. இதழ் நீண்டநாள் வாழட்டும். நானும் முயல்கிறேன்.

இப்படிக்கு,
‘சொல் தோற்ற இடம்’ எழுதியவன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் பையிலேயே சுமந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. இணைப்பை நானே கிழித்துவிட்டேன். இரண்டாம் பாகத்தை மாமாவின் தொலைக்காட்சி வாங்கிவிட்டது. நேற்று வெட்டி முடித்து, எங்கள் மூவரையும் அலுவலகத்துக்கு அழைத்துப் போட்டுக் காட்டினார். படம் மொத்தம் பதினோரு நிமிடம். ஒரு திரை அசைகிறது. ஒருவன் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறான். வக்கீல் மயங்கி விழுகிறார். சுவரில் ஓர் ஆணி, தனியாக. “மொதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்டிருச்சு, இல்ல மாப்பிள்ளை?” என்றார் மாமா. மாப்பிள்ளை. பல் டாக்டர் முதன்முறையாக முழங்கைக்குப் பதில் கையைப் பிடித்தாள். ஆமாம் மாமா என்றேன். இந்தத் தடவை மனசாரச் சொன்னேன். ஆகவே தீர்ப்பை மாற்றி எழுதி அனுப்புகிறேன்: இரண்டாவதுதான் உசத்தி. நான்கு பக்கம் தேவைப்படும்.

அத்தை மட்டும் விளக்கைப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. “மீதி எங்க?” என்று கேட்டார்கள். வருகிற ஞாயிறு மதியக் காட்சிக்கு, அதே தியேட்டரில், அவர்களுக்கும் எனக்கும் மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இதை அச்சில் போட வேண்டாம்.