சீனத் தட்டச்சும் லாசால் படிக்கட்டும்

சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலை. நகரத்தின்ர மற்றப் பக்கம் இருக்கிற கர்க்லாண்டுக்குப் போய் ஒரு டைப்ரைட்டரை ஏத்திக்கொண்டு லாசாலில இருக்கிற எங்கட வீட்டுக்கு வாறது.

டைப்ரைட்டர் எங்கட மேல்வீட்டில இருக்கிற மே எண்ட சீன மனிசியின்ர அப்பாவுக்கு. எண்பது வயது. அந்தக் காலத்தில சீனாவில ஒரு கந்தோரில தட்டச்சு வேலை பாத்தவர். பேத்தியின்ர கலியாண வாழ்த்தைத் தன்ர கையால அடிக்கவேணுமாம். மெஷின் கர்க்லாண்டில அவற்ற மகன்ர கராஜில கிடக்காம்.

வேன் வச்சிருக்கிறது நான். அதால உதவி செய்யிற நல்ல மனிசனும் நான்தான்.

மகன் மெஷினைக் காட்டினார். விசையே இல்லை. ஒரு பெரிய தட்டு, அதுக்குள்ள இரண்டாயிரத்துக்கு மேல குட்டி ஈய எழுத்துகள். மேல இருக்கிற பிடியை வேண்டிய எழுத்துக்குக் கொண்டுபோய் அமத்தினால், அது எழுத்தைத் தூக்கிக் கடதாசியில குத்துமாம்.

"எழுத்தெல்லாம் சும்மாதான் நிக்குது. சரிச்சுப்போடாதேங்கோ" எண்டார்.

"நான் யாழ்ப்பாணத்தில தையல் மெஷின் காவினவன்" எண்டன்.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமெண்டு அவர் கேக்கேல்லை. பண்பான மனிசன்.

எங்கட வீட்டு வெளிப்படி இரும்பு. வளைஞ்சு வளைஞ்சு போகும். மேல ஐஸ் வேற. ஏழாவது படியில திரும்புறதுக்காக மெஷினைக் கொஞ்சம் சரிச்சன். கொஞ்சம்தான்.

தகரத்தில மழை பெய்யிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு எழுத்தும் படியால இறங்கிப்போய்ப் பனிக்குள்ள ஒளிச்சிட்டுது.

கீழ்வீட்டுக் கதவைத் திறந்து என்ர மனிசி வசந்தி எட்டிப் பாத்தா. "என்னப்பா, கொண்டு வந்திட்டியளோ?"

"ஓம். மெஷின் வந்திட்டுது. எழுத்து வந்துகொண்டிருக்கு."

மா அரிக்கிற அரிதட்டால ரெண்டு பேரும் பனியை அரிச்சம். தலைமயிர் காயவைக்கிற மெஷினால எழுத்துகளைக் காயவைச்சம்.

பேந்து என்ர மூளை வேலை செய்யத் தொடங்கிச்சு. அண்டைக்கு நடந்த பெரிய விபத்து அதுதான். போனில படம் எடுத்து, என்ன எழுத்தெண்டு கண்டுபிடிச்சு நானே அடுக்குவம் எண்டு நினைச்சன். போனுக்கு ஒரு எழுத்தும் விளங்கேல்லை.

"அச்செழுத்து கண்ணாடியில தெரியிற மாதிரித் திரும்பித்தானே இருக்கும்" எண்டா வசந்தி. முதலே சொல்லியிருக்கலாம்.

கடைசியில, ஒண்டுபோல ஒண்டு இருக்கிறதை எல்லாம் பக்கத்தில பக்கத்தில அடுக்கிவிட்டன். பாக்க வடிவாத்தான் இருந்தது.

பின்னேரம் மேயின்ர அப்பா தட்டைப் பாத்தார். ரெண்டு மூண்டு எழுத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சார். மனிசன் அழப்போறாரோ எண்டு நினைச்சன். பேந்து மேயிட்ட ஏதோ சொன்னார்.

மே எங்களுக்குச் சொன்னா: "கந்தோரில அடுக்கித் தந்த ஒழுங்கு அவருக்கு ஒருநாளும் பிடிக்கேல்லையாம். இப்ப தன்ர விருப்பத்துக்கு அடுக்கப்போறாராம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கலியாணத்துக்கு மூண்டு கிழமைதான் இருக்கு. நீங்கள்தான் எழுத்து எடுத்துக் குடுக்கவேணுமாம்" எண்டா மே.

இப்ப ஒவ்வொரு பின்னேரமும் மேல்வீட்டிலதான் நிக்கிறன். சீன மொழியில ஒரு வசனம், அவர் சொல்லிச் சொல்லியே, எனக்குத் தண்ணிபட்ட பாடு: "அது இல்லை."