கார்த்திகேசு வாங்கப்போகும் பவர் ஸ்டேஷன்

'பார்த்து வாங்குவோர்' என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊரிலும் கிடைப்பார்கள். சூலியா தெருவில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்தும் கார்த்திகேசு அதில் முதல் தரம்.

கரண்டு போனாலும் கணினியை ஓட வைக்கும் பெரிய பேட்டரிப் பெட்டி, பவர் ஸ்டேஷன் என்பார்கள், அதில் ஒன்று வாங்குவதென்று அவர் போன தீபாவளிக்கே முடிவெடுத்துவிட்டார். அன்று முதல் எத்தனை வாட், எந்த பேட்டரி, விசிறி இரையுமா, வாரண்டி யார் தருவார் என்று கடை கடையாய்த் துருவி, தே தாரேக் டீ குடிக்கப் போன இடத்திலெல்லாம் பாடம் நடத்தி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் நேரத்தில் நெற்றியைச் சுருக்குவார்.

"பொறும்மா லெட்சுமி. அடுத்த மாசம் புது மாடல் வருதாம் லா."

வரும். அதற்கடுத்த மாதமும் ஒன்று வராதா?

வயிறு எரிந்தது எடிட்டிங் செய்யும் ஜெயலெட்சுமிக்குத்தான். கரண்டு போகும்போதெல்லாம் வேலை பாதி அழியும். திட்டு மட்டும் முழுசாக வரும்.

அந்தச் சனிக்கிழமை மாலை புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வரவேற்பு. மேடையில் ஓட வேண்டிய வீடியோவில் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. வீடியோவை வாங்கிப்போக மணப்பெண்ணின் அண்ணன் கிளம்பிவிட்டான். கரண்டு போனது.

"நல்ல வேளை, வாங்கல!" என்றார் கார்த்திகேசு. "வாங்கியிருந்தா பழைய மாடல்ல மாட்டியிருப்போம்."

அதற்கு மேல் ஜெயலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஸ்க்ரீனைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, கணினிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிரே சீனி முகம்மதின் சாப்பாட்டுக் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இங்க சொருகும்மா" என்றார் அவர். "நம்ம கார்த்திகேசு தம்பி சொன்ன பெட்டிதான். நோன்பு மாசமே வாங்கிட்டேன். தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஜெயலெட்சுமி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மீன் குழம்பைப் பார்த்தார்.

கடைசிப் பாட்டும் சேர்ந்து, வீடியோ முக்கால்வாசி பதிவாகியிருந்தது. கார்த்திகேசு பேட்டரிப் பெட்டியருகே குந்தி, தட்டிப் பார்த்து, வருத்தமாய்ச் சொன்னார்:

"பாய், அவசரப்பட்டுட்டீங்க. இதுல புது மாடல் வந்திருச்சு."

"அப்படியா? அப்ப பிளக்கைப் புடுங்கிடட்டுமா, தம்பி?"

"ஐயோ, வேணாம் பாய்!" என்று அலறினாள் ஜெயலெட்சுமி. கார்த்திகேசோ, மணப்பெண்ணின் அண்ணன் வந்து வீடியோவை வாங்கிப் போகும்வரை ஒரு கையால் பிளக்கை அழுத்திப் பிடித்தபடி குந்தியே இருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: பாதியில் இந்தக் கதையை நிறுத்திவிட்டு, இதைவிட நல்லதாய் வேறொன்று அடுத்த பக்கத்தில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தது யார்?