ஆறு வாரமும் ஒரு மணியும்

ஆறு வாரத்துக்குக் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன். காரணம், என் வலது கால் கட்டைவிரல். அடிமூட்டில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து கிடக்கிறது. வலியா? சும்மா சொல்லக் கூடாது, புது ஷூ போட்டால் கொஞ்சம். ஆனால் எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போட்டால், ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். காய்கறி வாங்க வேண்டாம், மாடியேறித் துணி காயப்போட வேண்டாம். நான் செருப்புக்கடை மேனேஜர். இருபது வருஷமாக ஊரார் காலைப் பிடித்தே பிழைத்தவனுக்கு இதுகூடக் கிடையாதா?

மனைவி தடுப்பாள் என்று நினைத்தேன். "நல்ல யோசனைங்க. முதல்ல லீவை எழுதி வாங்கிடுங்க," என்றாள். அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. லீவு வாங்கினேன். காலை உயர்த்தி வைக்க இரண்டு தலையணையும், படுத்தபடியே காபி கேட்க ஒரு சின்ன மணியும் வாங்கினேன்.

டாக்டர் என் காலை அரை நிமிஷம் பார்த்தார். இதற்கெல்லாம் கத்தி வைக்க மாட்டாராம். முன்பக்கம் அகலமான ஷூ போட்டால் போதுமாம். வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளிப்பதற்குள், "உங்க எக்ஸ்ரே வந்துடுச்சும்மா," என்று கூட வந்திருந்த என் மனைவி பக்கம் திரும்பிவிட்டார்.

போன மாசமே வந்து காட்டியிருக்கிறாள். எக்ஸ்ரேயில் கட்டைவிரல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. இரண்டாவது விரல் அதன் மேல் ஏறி, கொக்கி மாதிரி வளைந்திருந்தது. தினம் ஐம்பது பேர் காலைத் தொட்டு அளவு சொல்கிறவன், வீட்டுக் காலைப் பார்க்கவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

"இப்படிக் கூர்மூக்குச் செருப்பெல்லாம் யாரும்மா வாங்கிக் கொடுத்தது?" என்றார் டாக்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். கடையில் விலைபோகாததையெல்லாம் வருஷா வருஷம் பிறந்தநாள் பரிசு என்று அவள் தலையில், அதாவது காலில், கட்டியது நான்தான்.

"ஆபரேஷன் பண்ணா ஆறு வாரம் ரெஸ்ட். வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா?"

"இவர் ஏற்கெனவே லீவு போட்டுட்டார் டாக்டர்."

இந்த மாதிரி புருஷன் எல்லாருக்கும் கிடைக்கணும் என்று டாக்டர் என் முதுகில் தட்டினார்.

இன்றோடு ஐந்து வாரம். என் தலையணைகள் மேல் அவள் வலது கால். என் மணி அவள் கையில். மாடிக்கும் அடுப்படிக்கும் ஓடி ஓடி, என் கட்டைவிரல் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்துவிட்டது. எரிச்சலை அடக்கிக்கொண்டு, இப்போது எனக்கும் ஆபரேஷன் தேவைப்படும் போலிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

அவள் மணியைக் கீழே வைத்தாள்.

"தாராளமா பண்ணிக்கலாங்க. முதல்ல என் இடது கால் முடியட்டும்."