கொரியாவுக்குப் போகப்போகிறவர்

முனைவர் பட்டம் வாங்கியவர்களில் 'போகப்போகிறவர்' என்றோர் இனம் உண்டு. பட்டத்துக்குப் பிறகு செய்யும் 'போஸ்ட்-டாக்' ஆராய்ச்சிக்கு வெளிநாடு போனவர் வேறு, போகாதவர் வேறு. இவர் போகப்போகிறவர். கோவில்பட்டியில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்காது ("எதுக்கு, போகப்போறோம்லா"), கேஸ் இணைப்பு மாமனார் பெயரில் இருக்கும், பீரோவில் அந்துருண்டை வாசனையோடு ஒரு கம்பளிச் சட்டை காத்திருக்கும். பயணம் எப்போது என்றால், "செப்டம்பர்ல இருக்கும்" என்பார். எந்த வருடத்துச் செப்டம்பர்? அதைக் கேட்பது நாகரிகமில்லை.

யோகராஜைப் பாருங்கள். கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் வெடித்து, மேலே நிற்கும் கட்டடத்தை எப்படிப் பிளக்கிறது என்று ஆறு வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பொறியியல் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர். தினமும் சாயங்காலம் இசக்கிபாண்டியின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உலகத்துப் பேராசிரியர்களுக்கெல்லாம் பேரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை அனுப்புவார். நாலு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள். பதில் வராததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

2003 ஜூலையில் ஒரு புதன்கிழமை, பதில் வந்துவிட்டது.

கொரியாவில் ஓராண்டு ஆராய்ச்சி வேலை. 'வருகிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள், போதும். இல்லையென்றால் அடுத்தவரைக் கேட்கவேண்டும்.'

"வாரேன்னு அடிச்சு விடுங்க சார், சோலி முடிஞ்சிது" என்றான் இசக்கிபாண்டி.

யோகராஜ் திடுக்கிட்டார். "ஏலே, பேராசிரியருக்கு மொட்டையா ஒரு வரியா? சர்டிபிகேட்டெல்லாம் அட்டெஸ்ட் வாங்கி அனுப்பணும்லா!"

பேராசிரியர் அதையெல்லாம் கேட்கவில்லையே? கேட்காவிட்டால் என்ன, முறை என்று ஒன்று இல்லையா? பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வரை பதினேழு நகல்கள்; எடுத்து முடிக்கவே வியாழக்கிழமை போய்விட்டது. பச்சை மையில் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி வேண்டும். தெரிந்த அதிகாரி ஒருவர்தான்: கால்நடை மருத்துவர் ராஜமணி. அவரோ குளத்தூரில், ஆட்டு ஊசி முகாமில்.

வெள்ளிக்கிழமை காலையில் மனைவி முத்துசெல்வி வாசலில் மறித்தாள். "ஏங்க, இன்னைக்குத்தானே கெடு? மொதல்ல வாரேன்னு சொல்லிட்டு, பெறவு போய்க் கையெழுத்து வாங்குங்களேன்."

"சொல்லிட்டா போகணுமேட்டி" என்றார் யோகராஜ். சொன்னபின் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். நல்லவேளை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

குளத்தூரில் ராஜமணி ஒரு கிடாயின் கழுத்தை இடுக்கியபடி, "இருங்க சார், இன்னும் அறுவது உருப்படி கெடக்கு" என்றார். அறுபதும் ஊசி வாங்கிக் கத்தி முடித்தபின் பதினேழு கையெழுத்துகள் விழுந்தன. சனிக்கிழமை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பணிவான பத்துப் பத்திகளோடு யோகராஜ் அனுப்பிவைத்தார்.

திங்களன்று பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, தங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். "வாழ்த்தெல்லாம் போட்டிருக்காரு பாத்தியா? நம்ம மேல மதிப்பு வந்திட்டு. அடுத்த வருசம் கூப்பிட்டிருவாரு."

முத்துசெல்வி தாளை வாங்கி முழுதும் படித்தாள். "வாரேன்னு சொன்னவரை எடுத்திருக்காரு" என்றாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் 'சரி' என்று ஒரு சொல் எழுதிப் போடவேண்டிய கடிதம் ஒன்று உங்கள் மேஜையிலும் நாலு நாளாகக் கிடக்கிறதே, அதை ஏன் இன்னும் எழுதவில்லை? இதை வாசித்துவிட்டு எழுதலாம் என்றுதானே?